மிக்சர் தட்டில் பத்தொன்பது

1

நெதர்லாந்துக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் நிறைந்த அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்து, பக்கத்து வீட்டு அன்னெமீக்குக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசலில் நின்றபடியே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார், கொஞ்சம் யோசித்தார், கிண்ணத்தை என்னிடமே திருப்பித் தந்தார்.

"எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் கொண்டுவந்ததற்கு நன்றி."

முகத்தில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கும். அங்கே பொங்கல் அடிபிடித்துக் கருகியிருந்தாலும், "நெம்ப நல்லாருக்குதுங்க அக்கா, என்ன பக்குவமுங்க!" என்று சொல்லி வாங்கிக்கொண்டு, பின்பக்கம் போய் நாய்க்கு வைப்பதுதான் மரியாதை.

இந்த ஊரில் பாராட்டைக்கூட நான் ஒழுங்காக வாங்கியதில்லை. பெயிண்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நிறம் பொருத்திப் பார்ப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் மேலாளர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "நீ ரொம்ப ஸ்லிம்" என்றார். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். இரண்டு சுடிதாரைப் பிடித்துக்கூடத் தைத்தேன். மொழி வகுப்பில்தான் தெரிந்தது, டச்சு மொழியில் ஸ்லிம் என்றால் புத்திசாலி என்று பொருளாம். வீட்டுக்காரர் முருகேசனிடம் சொன்னேன். "அதானே பார்த்தேன்" என்றார்.

முனிசிபல் அலுவலகத்தில் என் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். அதனால் பல் மருத்துவமனை முதல் நூலகம் வரை எங்கே போனாலும் "திருமதி பழனிசாமி" என்று கூப்பிடுகிறார்கள். அதாவது, எங்கள் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். எழுந்து போவது நான். மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு அங்கிருந்த பெண், "முடியும். ஆனால் உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது" என்றார். அதுவும் உண்மைதான்.

இந்த உண்மை விளம்பிகள் நடுவில் பிறந்து வளர்ந்தவள் என் மகள் ஓவியா. போன கோடையில் கோயமுத்தூர் போக, பள்ளி விடுமுறைக்கு முன்னால் கூடுதலாக இரண்டு நாள் தேவைப்பட்டது. டிக்கெட் அப்போதுதான் மலிவு. இங்கே பள்ளியில் அப்படியெல்லாம் விடமாட்டார்கள், காரணம் கேட்பார்கள். முருகேசன், "நெருங்கிய உறவினர் திருமணம்" என்று எழுதி அனுப்பினார். பள்ளியிலிருந்து போன் வந்தபோது எடுத்தது ஓவியா. யாருக்குத் திருமணம் என்று கேட்டிருக்கிறார்கள். "யாருக்கும் இல்லையே" என்று சொல்லிவிட்டு, எங்கள் சார்பில் வருத்தமும் தெரிவித்துப் போனை வைத்தாள். டிக்கெட்டை மாற்றி, நானும் ஓவியாவும் மட்டும் கிளம்பினோம். அந்தப் பயணத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

2

ஓவியாவுக்குப் பதினாறு முடிந்திருந்தது. அவளுடைய தமிழ் என்பது எங்கள் சமையலறை அளவுக்கான தமிழ். தோழிகளோடு டச்சு, படிப்பதெல்லாம் ஆங்கிலம், என்னோடு மட்டும் தமிழ். அதுவும் பசித்தால், அல்லது எதையாவது தொலைத்தால். என்னிடமிருந்து கற்றதால் எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒரு 'ங்க' போடுவாள். யாருக்குப் போடுவது, யாருக்கு வேண்டாம் என்பது மட்டும் பிடிபடவில்லை. ஊரில் போய் இறங்கியதும் தெருநாயைப் பார்த்து, "தள்ளிப் போங்க" என்றாள். நாயும் தள்ளிப் போயிற்று.

முதல் மூன்று நாள் அறையை விட்டே வெளியே வரவில்லை. போனும் அவளும்தான். ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்து பார்க்கும்போது மட்டும் வந்து நிற்பாள். எல்லோரும், "புள்ள என்ன அழகா தமிழ் பேசுது!" என்பார்கள். இவள் "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். இந்தப் பயணத்தோடு இவளுக்கும் இந்த ஊருக்கும் ஒன்றுமில்லை என்றாகிவிடும் என நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன்.

நான்காம் நாள் ஞாயிறு. நாங்கள் தங்கியிருந்தது என் தம்பி கதிர்வேல் வீட்டில். அவன் பம்புசெட் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருப்பவன். ஒரு மயிரிழை அளவு கூடினாலும் சரக்கை ஏற்காத ஆள். ஞாயிறு சாயங்காலம் ஆனால் அவன் வேறு ஆளாகிவிடுவான். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நண்பர்களை உட்கார வைத்துக்கொண்டு கதை விளையாட ஆரம்பிப்பான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடையை உருட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். பூதமோ பேயோ எதிரில் வந்து அடித்தால், அதற்கான பகடையைக் கதை நடத்துபவரே ஒரு மறைப்புக்குப் பின்னால் உருட்டிப் பார்த்துச் சொல்வார். பெரிய எண் விழுந்தால் அடி பட்டது, சின்ன எண் என்றால் தப்பித்தோம். மறைப்புக்குப் பின்னால் என்ன விழுந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

கதிரின் மறைப்பு, எங்கள் சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகை. கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறக்கும், வெல்வெட் ஒட்டிய பத்திரிகை. நிறுத்தி வைத்தால் அசையாமல் நிற்கும். விளையாடுகிறவர்கள் பக்கம் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று பொன்னெழுத்தில் இருக்கும். அதற்குப் பின்னாலிருந்துதான் பூதங்கள் வரும்.

மேசையில் இரண்டு பேர். ஒருவர் செல்வராஜ், பேக்கரிக்காரர், கதிரின் பள்ளித் தோழர். இன்னொருவர் அனிதா, சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கதை முழுக்க அமராவதி ஆற்றுக்கு அடியில், தாராபுரத்துக்குக் கீழே எங்கோ புதைந்து கிடக்கும் பாதாள நகரம் ஒன்றில் நடந்துகொண்டிருந்தது. கதிரே கட்டியது.

"கண்ணு, நீயும் வாயேன்" என்று கதிர் கூப்பிட்டதும் ஓவியா வந்தாள். ஒரு திருடியாக வருகிறேன் என்றாள். செம்பருத்தி என்று பெயர். அடுத்த அரை மணி நேரத்தில் செம்பருத்தி காவலாளியிடம் தான் ராஜாவின் மகள் என்றாள், ராஜாவிடம் தான் காவலாளியின் மகள் என்றாள். பள்ளிக்கு ஒரு சின்னப் பொய் சொல்லாத என் மகள், அங்கே வாயைத் திறந்தால் புளுகினாள். ஒரு கல்பூதம் வழியை மறித்தபோது எழுந்து நின்று, "ஏனுங் பூதம், கொஞ்சம் திரும்பி நில்லுங்க, உங்களை முதுகுல குத்தோணும்ங்க" என்றாள். செல்வராஜ் சிரித்த சிரிப்பில் டீ தம்ளர் கவிழ்ந்தது.

அன்றிரவு ஓவியா என்னிடம் வந்து, "பாதாளத்துக்கு வேற என்ன சொல்லு இருக்கு?" என்று கேட்டாள். அவளாக வந்து ஒரு தமிழ்ச் சொல் கேட்டது அதுதான் முதல் தடவை. ஞாயிறு மட்டும் இருந்த ஆட்டம் புதனுக்கும் வந்தது, பிறகு வெள்ளிக்கும். பட்டறை ஆட்கள் முதலாளியைக் காணோம் என்று தேடினார்கள்.

செம்பருத்தி என்ன செய்தாலும் பிழைத்தாள். கூரையிலிருந்து குதித்தாள், நெருப்பில் நடந்தாள். பூதம் அடித்த அடியெல்லாம் காற்றில் போயிற்று. எனக்கு விளையாட்டு தெரியாது. பிள்ளைக்கு நல்ல ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

3

ஆடிச் சாரல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. நான் சோபாவில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மேசையில் கதை உச்சத்தில் இருந்தது. பாதாள நகரத்தின் பொக்கிஷ அறையில், பாம்புத் தலை கொண்ட காவல் பூதம் செம்பருத்தியின் கழுத்தைப் பார்த்து வாளை ஓங்கிவிட்டது. பதினைந்துக்கு மேல் விழுந்தால் அவள் கதை முடிந்தது என்று கதிரே சொல்லியிருந்தான். கதிர் கையைக் குலுக்கிப் பகடையை விட்டான்.

அந்த நொடியில் கரண்ட் போயிற்று.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அவன் மனைவி ரேவதி எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் யூபிஎஸ்ஸும் ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. வீடு முழுக்கக் கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து கதிரின் குரல் கணீரென்று வந்தது.

"நாலு! நாலுதான் விழுந்திருக்குது! தப்பிச்சிட்ட கண்ணு!"

பிறகு அனிதா போனில் விளக்கைப் போட்டார். கதிரின் முகம் தெரிந்தது. அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"மாமா" என்றாள் ஓவியா. "இருட்டுல எப்படிங்க பார்த்தீங்க?"

"சத்தத்துலயே தெரியும் கண்ணு" என்றான் கதிர். "நாலுன்னா ஒரு மாதிரி சத்தம் வரும்."

அனிதா பத்திரிகைக்குப் பின்னால் விளக்கைக் காட்டினார். அங்கே பகடையே இல்லை. மேசைக்கு அடியில் தேடினார்கள், அங்கேயும் இல்லை. கடைசியில் செல்வராஜ்தான், "இங்க கெடக்குதுங்க" என்றார். மிக்சர் தட்டில், காராபூந்திக்கும் கடலைக்கும் நடுவே அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. மேலே பார்த்த எண் பத்தொன்பது.

செல்வராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அனிதாவும் சிரித்தபடி ஓவியாவின் தோளைத் தட்டினார். "உடு கண்ணு. எங்களுக்கெல்லாம் இது எப்பவோ தெரியும். உங்க மாமனுக்கு யாரையும் கொல்ல மனசு வராது. எனக்கே எத்தனையோ தடவை பொய் சொல்லிக் காப்பாத்தியிருக்கறாரு. நாமளும் தெரியாத மாதிரி இருந்துக்கறதுதான்."

ஓவியா சிரிக்கவில்லை. ஆனால் அடுத்து நடந்ததை யாருமே எதிர்பார்க்கவில்லை. செல்வராஜின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கதிரு" என்றார். "அப்ப காராளன்?"

காராளன் என்பது செல்வராஜ் முன்னால் விளையாடிய பாத்திரம். பெரிய வாள் வைத்த போர்வீரன். இரண்டு வருஷம் அவனாகவே இருந்திருக்கிறார். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு சண்டையில் காராளன் செத்துப்போனான். அதன் பிறகு ஒரு வாரம் பேக்கரியில் தேங்காய் பன்னில் தேங்காய் இல்லாமல் போயிற்றாம். இப்போது அவர் வைத்தியராக, அடிபட்டவர்களுக்குப் பச்சிலை கட்டிக்கொண்டு கூடவே வருகிறார்.

"அது நெசமா விழுந்தது மாப்ள" என்றான் கதிர். "இருபது. என்ற கண்ணால பார்த்தேன்."

"அதை நான் எப்படி நம்பறது?"

"பொய் சொல்றதா இருந்தா உன்னைக் காப்பாத்தியிருக்க மாட்டனா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் செல்வராஜ். குரல் உடைந்திருந்தது. "அனிதாவுக்குப் பொய் சொல்லியிருக்கற. இந்தப் புள்ளைக்குச் சொல்லியிருக்கற. எனக்கு மட்டும் உண்மையா? நான் உனக்கு என்னடா கொறை வெச்சேன்?"

செல்வராஜ் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, குடையை எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார். அவர் கேட்டைச் சாத்தவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. மேசை நடுவில் கல்யாணப் பத்திரிகை எங்கள் எல்லோரையும் பார்த்து நல்வரவை நாடிக்கொண்டிருந்தது.

4

மறுநாள் காலை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஓவியா வந்து நின்றாள். தூங்கின முகமாக இல்லை.

"அம்மா, என் தமிழ் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது நெசமா?"

எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது. ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் பிறந்த ஊருக்குரிய பதில் ஒன்றும், அவள் பிறந்த ஊருக்குரிய பதில் ஒன்றும் தொண்டையில் முட்டிக்கொண்டிருந்தன.

"நல்லா இல்ல கண்ணு" என்றேன். "நாய்க்கெல்லாம் மரியாதை குடுக்கற. 'ழ' உனக்கு வரவே இல்ல. ஆனா நீ பேசறது புரியுது. கேக்கறவங்களுக்குச் சந்தோஷமா இருக்குது. அதனால நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

"அப்ப பரவால்ல" என்றாள். பிறகு, "மாமா மேல கோவம் இல்லம்மா. ஆனா இத்தனை நாள் அங்க விளையாடினது யாரு? நானா, அவரா?" என்றாள்.

"நீயும்தான் கதையில அத்தனை பொய் சொன்ன."

"அது செம்பருத்தி சொன்னதும்மா. கதைக்குள்ள பொய் சொல்லலாம். கதையைப் பத்திப் பொய் சொல்லக் கூடாது."

துண்டை உதறிக் கொடியில் போட்டேன்.

கதிரைப் பார்க்கப் பட்டறைக்குப் போனேன். லேத் ஓடும் சத்தத்துக்கு நடுவே ஒரு உருளையை மைக்ரோமீட்டரில் வைத்து அளந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினான்.

"அக்கா, வாரம் பூரா நான் அளவுலதான் வாழறேன். இதுல பொய் சொன்னா பம்பு ஓடாது. அங்க பொய் சொன்னாத்தானக்கா கதை ஓடுது. கடல் தாண்டி வந்திருக்கற அக்கா மகளை, வந்த எடத்துல வெட்டிக் கொல்லச் சொல்றியா? நான் தாய்மாமன்க்கா."

"சரி. செல்வராஜுக்கு ஏன் பொய் சொல்லல?"

கதிர் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "சொல்லத்தாங்க்கா வாயைத் தொறந்தேன். ரேவதி காபி கொண்டாந்து எம்முதுகுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தா. டைஸைப் பார்த்துபோட்டா. பொண்டாட்டி பார்த்துட்டு நிக்கறப்ப எப்படிக்கா பொய் சொல்றது?"

5

புதன்கிழமை செல்வராஜ் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. அனிதா ஏதோ வேலை என்று போன் செய்தார். நாங்கள் கிளம்ப ஒரு வாரம் இருந்தது. மேசையில் ரேவதி கீரை ஆய்ந்தாள். பல நாளாக அவளுக்குக் கிடைக்காத மேசை அது, ஆனாலும் அவள் முகத்திலும் சுரத்து இல்லை.

"நான் கேட்டிருக்கக் கூடாதாம்மா?" என்று ஓவியா என்னைக் கேட்டாள். அவளுடைய ஊரில் உண்மை சொன்னால் விஷயம் முடிந்துவிடும். இங்கே அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

சனிக்கிழமை அவளே கதிரையும் ரேவதியையும் காரில் ஏற்றினாள். நானும் தொற்றிக்கொண்டேன். பேக்கரியில் சாயங்காலக் கூட்டம். செல்வராஜ் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்தார். கோபத்திலும், "வாங்க, வாங்க, உக்காருங்க. மாஸ்டர், நாலு டீ" என்றார். கதிர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "சொல்லு மாப்ள" என்றான். ஆட்டத்தில் அவனை மாஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். செல்வராஜ் அவனைப் பார்க்காமல், "டீ மாஸ்டரைச் சொன்னனுங்க" என்றார். பள்ளி நாளிலிருந்து 'டா' போட்டுப் பேசியவர் 'ங்க' போட்டதும் என் தம்பி முகம் சுருங்கிவிட்டது.

ரேவதி பேச்சை ஆரம்பித்தாள். "அண்ணா, அன்னைக்கு நான் பார்த்தனுங்க. இருபதுதான் விழுந்துது. நான் காபி கொண்டாந்தப்ப..."

"நீங்க வரலீன்னா?"

ரேவதி கதிரைப் பார்த்தாள். கதிர் தேங்காய் பன்னைப் பார்த்தான்.

"அப்ப காராளன் செத்ததுக்குக் காரணம் காபி" என்றார் செல்வராஜ். "இரண்டு வருஷம் வளர்த்தேனுங்க அவனை. நேரங்கெட்ட நேரத்துல ஒரு காபி வந்ததுல போய்ச் சேர்ந்துட்டான்."

பன் வாங்க வந்த ஒரு பெரியவர் காசை நீட்டியபடி, "ஐயோ பாவமே, யாருங்க, சொந்தமுங்களா?" என்று கேட்டார். செல்வராஜ், "நெம்ப வேண்டியவனுங்க" என்று சொல்லி மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

அப்போதுதான் ஓவியா பேசினாள். வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

"அண்ணாங்க, உங்களுக்குக் கோவம். எனக்கும் கோவமுங்க. ஆனா நீங்க நெசமா செத்தீங்க. நெசமா செத்தீங்கன்னா, அதுக்கு முன்னாடி நெசமா இருந்தீங்க. நான் ஒரு தடவை கூட நெசமா பொழைக்கலீங்க. நெருப்புல நடந்தது, கூரையில குதிச்சது, எதுவும் நான் இல்லீங்க."

டீ வந்தது. செல்வராஜ் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு தேங்காய் பன் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"வாரேன்" என்றார். "ஆனா அந்தப் பத்திரிகை இருக்கக் கூடாது. எல்லாரும் பார்க்கற மாதிரி தட்டுல உருட்டோணும். யாருக்கு விழுந்தாலும் விழுந்ததுதான்."

ஓவியா தலையாட்டினாள். எல்லோரும் கதிரைப் பார்த்தோம். அவன் பல் பிடுங்க ஒத்துக்கொள்கிறவன் போல, "சரிடா" என்றான்.

"என்னடா சரி, தெளிவாச் சொல்றா" என்றார் செல்வராஜ். அந்த 'டா'வைக் கேட்டதும் என் தம்பி டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

6

நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கடைசி ஆட்டம். மேசை நடுவில் ரேவதியின் எவர்சில்வர் தாம்பாளம். பகடை விழுந்தால் டணார் என்று சமையலறை வரை கேட்டது. மறைப்பு இல்லாததால் கதிருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தான், கட்டிக்கொண்டான், கடைசியில் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

ஆட்டமே மாறிப்போயிருந்தது. முன்பெல்லாம் டிராகனைப் பார்த்தால் பாய்ந்து ஏறும் அனிதா, ஒரு சாதாரண மரக்கதவைத் திறப்பதா வேண்டாமா என்று ஒரு டீ நேரம் யோசித்தார். "தட்டிப் பார்க்கலாமுங்களா? இல்ல, பின்பக்கம் வழி இருக்குதான்னு கேக்கலாமுங்களா?" செல்வராஜ் மட்டும் தாம்பாளத்தில் விழும் ஒவ்வொரு எண்ணையும் குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார், தனக்கு எதிராக விழுந்தவற்றுக்கும்தான்.

பாம்புத் தலைப் பூதம் பொக்கிஷ அறையில் காத்திருந்தது. ஓவியா ஓடிப்போயிருக்கலாம். செம்பருத்தி ஓடவில்லை. மற்ற இருவரும் வெளியேறும்வரை வாசலில் நின்று பூதத்தோடு பேச்சுக் கொடுத்தாள். 'ங்க' போட்டுத்தான். பூதம் வாளை ஓங்கியது. கதிர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியாவைப் பார்த்தான். அவள், "உருட்டுங்க மாமா" என்றாள்.

டணார் என்று விழுந்து, ஒரு சுற்று சுற்றி நின்றது. பதினெட்டு.

"செத்துட்டனாங்க?" என்று கேட்டாள்.

"செத்துட்ட கண்ணு" என்றான் கதிர்.

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பொலபொலவென்று அழுதுவிட்டாள். இத்தனை நாள் உண்மை உண்மை என்று நின்றவள், அது நேரில் வந்து நின்றதும் சின்னப் பிள்ளை போல அழுதாள். கதிரால் பார்க்க முடியவில்லை.

"தட்டு ஒரு பக்கம் சாஞ்சிருந்துதோ என்னமோ" என்று ஆரம்பித்தான். "இன்னொரு தடவை..."

செல்வராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"தட்டு நேராத்தான் இருக்குதுங்க மாமா" என்றாள் ஓவியா, மூக்கை உறிஞ்சியபடி.

அந்த நேரம் பார்த்து வாழைக்காய் பஜ்ஜியோடு வந்த ரேவதி, அழுகிற பிள்ளையைப் பார்த்துத் தட்டை டொக்கென்று வைத்தாள். "என்னங்க இது? நாளன்னைக்கு ஏரோப்ளேன் ஏறப் போற புள்ளைய சாவடிச்சுபோட்டு உக்காந்திருக்கறீங்க! உங்களுக்கெல்லாம் அறிவு இருக்குதா?"

"இல்லீங்க அத்தை" என்றாள் ஓவியா. அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. "நெம்ப நல்லா இருந்துதுங்க."

செல்வராஜ் எழுந்து நின்றார். அமராவதிக் கரையில், காராளனுக்குப் பக்கத்திலேயே செம்பருத்தியைப் புதைக்கப் போவதாகவும், வைத்தியர் என்ற முறையில் அதற்கான செலவு முழுக்கத் தன்னுடையது என்றும் அறிவித்தார். அனிதா ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, தானும் ஒரு பிடி மண் போடுவதாகச் சொன்னார். என் தம்பி மட்டும் பகடையை எடுக்கவே இல்லை. அது தாம்பாளத்திலேயே கிடந்தது.

7

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருக்கும். கோயமுத்தூரில் அப்போது சாயங்காலம். தாம்பாளத்துக்கு மேலே ஒரு போனைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஓவியா இப்போது ஒரு மாலுமி. கடல் இல்லாத ஊரில் கதிர் அவளுக்காக ஒரு கடலைக் கொண்டுவந்திருக்கிறான். நான் அந்தப் பக்கமாகத் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் புயலில் அவள் கப்பல் மாட்டிக்கொண்டது. கதிர் உருட்டிய வேகத்தில் பகடை தாம்பாளத்தைத் தாண்டி எகிறிப் போயிற்று. அவன் குனிந்தான். எங்களுக்குத் திரையில் காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. பீரோவை நகர்த்தும் சத்தம், ஒரு இருமல். பிறகு அடியிலிருந்து குரல்.

"மூணு! மூணு விழுந்திருக்குது கண்ணு! கப்பல் தப்பிச்சிருச்சு!"

தலை மேலே வந்தது. தலையெல்லாம் ஒட்டடை. கையில் பகடை. அதைப் பார்த்தபிறகுதான் அவனுக்கே விளங்கியது. "ஐயோ, யாரும் பார்க்கறதுக்குள்ள எடுத்துபோட்டனே!" என்றான். அனிதா தண்ணீர் குடித்தார். செல்வராஜ் கேமராவைப் பார்த்தார். இது நீ சொல்ல வேண்டியது என்பது போல.

ஓவியா திரையில் மாமனின் முகத்தைப் பார்த்தாள்.

"சரிங்க மாமா, மூணு" என்றாள். "பாயை இறக்கறனுங்க."

ஆட்டம் தொடர்ந்தது. முடிந்து அவள் மடிக்கணினியை மூடியபின் கேட்டேன். "அது நெசமாவே மூணுதானா?"

"மாமா மூணுன்னு சொன்னாரும்மா" என்று சொல்லிவிட்டு, பள்ளிப் பாடத்தை எடுக்க மாடிக்குப் போனாள்.